புங்கமரத்தடியில் தொடங்கும் டீசல்

கல்லூரி இறுதியாண்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து புங்க எண்ணெயில் பயோடீசல் தயாரிக்க முயன்றோம். தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்த யாரைக் கேட்டாலும் தெரியும், புங்கம், இலுப்பை, காட்டாமணக்கு என்று ஏதாவது ஒரு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் குழு ஒன்று வகுப்புக்கு வகுப்பு இருக்கும். எங்கள் முதல் முயற்சி மறுநாள் காலை பிரிபுனலுக்குள் தயிர் போல உறைந்து கிடந்தது. மேலே தெளிந்த எரிபொருள், கீழே கறுத்த கிளிசரின் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்க வேண்டும். பிரியவே இல்லை. கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் தேய்த்தால் நுரை வந்தது. டீசல் செய்யப் போய் சோப்பு செய்திருந்தோம்.

ஆய்வகத்தில் இருந்த உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, எண்ணெய் எங்க வாங்குனீங்க?”

“நாட்டு மருந்துக் கடையிலண்ணே.”

“அவங்க எந்தக் கொட்டைய ஆட்டுனாங்கன்னு கேட்டீங்களா? மழையில கெடந்த கொட்டையா, காஞ்ச கொட்டையா?”

எங்களிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றி எதைப் படித்தாலும் நான் அந்தக் கேள்விக்கே திரும்பி வருகிறேன். சமையலுக்கு ஆகாத எண்ணெயிலிருந்து டீசல் எடுப்பதில் வேதியியல் எளிய பாதி. மரத்தடியில் கொட்டையைப் பொறுக்குவது, உலர்த்துவது, பொறுக்குகிறவருக்குக் கட்டுபடியான காசு கொடுப்பது ஆகியவைதான் கடினமான பாதி. நம் நாட்டின் பயோடீசல் திட்டம் இடறி விழுந்ததும் அந்த இடத்தில்தான்.

எண்ணெயை அப்படியே ஊற்றினால் என்ன?

ஊற்றலாம், இன்ஜின் ஓடும். 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. அது அவ்வளவு சீராக ஓடியதால் மிகச் சிலருக்கே விஷயம் தெரிந்தது என்று, அந்த வகை இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே பிறகு சொல்லியிருக்கிறார். யோசனை பிரெஞ்சு அரசினுடையது. ஆப்பிரிக்காவில் அவர்கள் பிடித்து வைத்திருந்த நாடுகளில் கடலை ஏராளமாக விளைந்தது. அங்கே விளைவதைக் கொண்டே அங்கே இன்ஜினை ஓட்டிவிட்டால் வெளியிலிருந்து நிலக்கரியும் எண்ணெயும் கொண்டுபோக வேண்டாமே என்று பார்த்தார்கள். அடிமைப்படுத்திய அரசின் கணக்குதான் என்றாலும், விளையும் இடத்திலேயே எரிப்பது என்ற பகுதி சரியானது. அதைக் கட்டுரையின் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

ஒரு சிறு திருத்தம். ஆகஸ்ட் 10-ஐ உலக உயிரி எரிபொருள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1893-இல் அந்த நாளில்தான் டீசல் கடலை எண்ணெயில் இன்ஜினை ஓட்டினார் என்று வருடாவருடம் செய்தி வரும். இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாகக் கலந்துவிட்ட கதை அது. அந்த நாளில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்தது அவருடைய மாதிரி இன்ஜினின் முதல் சோதனை. அதில் ஊற்றியது பெட்ரோலிய எரிபொருள். கடலை எண்ணெய் 7 ஆண்டு கழித்துத்தான் வந்தது.

சரி, ஓடுகிறதே, அப்புறம் என்ன பிரச்சினை? நாள்பட ஓடாது. காரணம் பாகுத்தன்மை, அதாவது எண்ணெயின் கெட்டித்தன்மை. 40 டிகிரி வெப்பத்தில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) என்றால், தாவர எண்ணெய்களுக்கு 30, 40 வரை போகும். ஏறக்குறைய பத்து மடங்கு. டீசல் இன்ஜினில் எரிபொருள் நாஸிலின் நுண்ணிய துளை வழியாகப் புகைபோலச் சிதற வேண்டும். அப்போதுதான் காற்றோடு கலந்து முழுதாக எரியும். கெட்டியான எண்ணெய் சிதறாமல் சொட்டுச் சொட்டாகப் பாயும். பாதி எரிந்து பாதி கரியாகி நாஸில் முனையில் படியும். பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். எரியாமல் கீழே வடியும் எண்ணெய், இன்ஜின் ஆயிலோடு கலந்து அதையும் கூழாக்கும். மெதுவாகச் சுற்றும் பழைய ஒற்றை சிலிண்டர் இன்ஜின்கள் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இன்றைய காரோ லாரியோ பொறுக்காது.

ஆக, இன்ஜினை எண்ணெய்க்கேற்ப மாற்ற வேண்டும், அல்லது எண்ணெயை இன்ஜினுக்கேற்ப மாற்ற வேண்டும். இரண்டாவது வழிக்கு 1937-இல் காப்புரிமை பெற்றவர் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் சவான். பாமாயிலை ஆல்கஹாலோடு வினைபுரிய வைத்து மெல்லிய திரவமாக்கினார். அடுத்த ஆண்டே பிரஸ்ஸல்ஸுக்கும் லூவனுக்கும் இடையே ஒரு பேருந்து அதில் ஓடியது. இன்று நாம் பயோடீசல் என்று சொல்வது அடிப்படையில் அதைத்தான்.

குடுவைக்குள் நடப்பது

எண்ணெயின் ஒரு மூலக்கூறை, ஒரு கைப்பிடியில் மூன்று நீண்ட வால்கள் தொங்குவதாக மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். கைப்பிடி கிளிசரின். வால்கள் கொழுப்பு அமிலங்கள். மூன்றும் சேர்ந்து கிடப்பதால்தான் எண்ணெய் கெட்டியாக இருக்கிறது. மெத்தனால் என்ற சிறிய ஆல்கஹால் உள்ளே வந்து வால்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. தனித்தனியாகப் போன ஒவ்வொரு வாலும் ஒரு மெத்தில் எஸ்டர். அதுதான் பயோடீசல். கைப்பிடி தனியாகக் கீழே தங்குகிறது. கணக்காகச் சொன்னால் 100 கிலோ எண்ணெயும் சுமார் 11 கிலோ மெத்தனாலும் சேர்ந்தால் 100 கிலோ அளவுக்குப் பயோடீசலும் 10 கிலோவுக்குச் சற்று மேல் கிளிசரினும் கிடைக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது, செய்யவும் ஓரளவு எளிதுதான். எண்ணெயை வடிகட்டி, சூடாக்கி, ஈரம் போக்க வேண்டும். காஸ்டிக் சோடாவையோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடையோ எண்ணெயின் எடையில் 1 சதவீதம் அளவுக்கு எடுத்து மெத்தனாலில் கரைக்க வேண்டும். வினையைத் தூண்டுவது இந்தக் காரம். வினை பின்னோக்கித் திரும்பாமல் இருக்கத் தேவையைவிட இரண்டு மடங்கு மெத்தனால் சேர்ப்பார்கள். 60 டிகிரியில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 65 டிகிரியைத் தொட்டால் மெத்தனால் கொதித்து ஆவியாகிவிடும். பிறகு இரவு முழுக்க அசையாமல் விட்டால் காலையில் கிளிசரின் அடியில் தங்கியிருக்கும். அதை இறக்கிவிட்டு, மேலே உள்ளதை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, மீண்டும் சூடாக்கி ஈரத்தை ஓட்டினால் முடிந்தது. கழுவும்போது வேகமாகக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் மோர் போலக் கலங்கிவிடும், பிரிய நாளாகும்.

மெத்தனாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரிழந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். உள்ளே போனால் கண்ணையும் உயிரையும் எடுக்கும். ஆவியை மூச்சில் இழுப்பதும், கையில் பட்டுக்கொண்டே இருப்பதும்கூட ஆபத்து. அது எரியும் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. அதனால் இதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமக் கட்டுப்பாடு இருக்கிறது. வீட்டுச் சமையலறையில் மிக்ஸியில் பயோடீசல் செய்து காட்டும் காணொளிகளைப் பார்த்து யாரும் இறங்கிவிட வேண்டாம். இன்னொன்று, பெரும்பாலான மெத்தனால் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருவது. ஆகவே பயோடீசல் நூற்றுக்கு நூறு தாவர எரிபொருள் என்று சொல்லிவிட முடியாது.

இப்போது எங்கள் சோப்புக்கு வருவோம். புங்கங்கொட்டை ஈரத்தில் கிடந்தால் அதற்குள்ளேயே இருக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். கைப்பிடியிலிருந்து வால்கள் தானாக அறுந்து, தனிக் கொழுப்பு அமிலமாக எண்ணெயில் மிதக்கும். நாம் ஊற்றும் காரம் வினையைத் தூண்டுவதற்குள், இந்த அமிலத்தைப் பிடித்துச் சோப்பாகிவிடுகிறது. அந்தச் சோப்பு மீதி எண்ணெயையும் கிளிசரினையும் பிரியவிடாமல் கட்டிப்போடுகிறது. தனி அமிலம் 1, 2 சதவீதத்துக்குள் இருந்தால் காரம் மட்டும் போதும். நன்றாக உலர்ந்த புதுக் கொட்டையில் அந்த அளவை ஒட்டி வரலாம். நனைந்து பூசணம் பிடித்த கொட்டையில் 10 சதவீதத்தைத் தாண்டும்.

அதற்கும் வழி உண்டு. முதலில் சிறிது கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்துச் சூடாக்கினால், தனி அமிலங்களும் எஸ்டராக மாறிவிடும். அதன் பிறகு வழக்கமான காரமுறை. கோழிக்கோடு என்ஐடியில் 17 சதவீதம் தனி அமிலம் இருந்த ரப்பர் விதை எண்ணெயையும், காரக்பூர் ஐஐடியில் 19 சதவீதம் இருந்த இலுப்பை எண்ணெயையும் இப்படி இரண்டு படியில் பயோடீசலாக்கி 2005-இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். ஆய்வகத்தைப் பொறுத்தவரை கதை அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் சொல்வேன். எந்த எண்ணெய் கொடுத்தாலும் மாற்றித் தருகிறோம் என்று வேதியியல் சொல்லிவிட்டது. ஆனால் கூடுதல் படி என்றால் கூடுதல் மெத்தனால், கூடுதல் நேரம், அமிலம் தாங்கும் பாத்திரம், கூடுதல் செலவு. இரண்டு வெயில் காயவைத்திருந்தால் மிச்சமாகியிருக்கும் செலவு அது.

அதே 2005-இல் பயோடீசலுக்கென இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15607 வந்தது. பாகுத்தன்மை 2.5 முதல் 6 வரை இருக்க வேண்டும், தீப்பற்றும் வெப்பநிலை 120 டிகிரிக்குக் குறையக் கூடாது என்றெல்லாம் அதில் வரையறைகள் இருந்தன. ஒழுங்காகச் செய்த புங்கப் பயோடீசல் டீசலைவிடப் பாதுகாப்பாகத் தேக்கி வைக்கக்கூடியது. கந்தகம் கிட்டத்தட்ட இல்லை. மூலக்கூறிலேயே சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதால் கரும்புகை குறையும். அதே ஆக்சிஜனால் எரிசக்தி கிலோவுக்கு 10 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் கொஞ்சம் கூடும். பல மாதம் வைத்திருந்தால் காற்றுபட்டுக் கெட்டுப்போகும். இந்தக் குறைகள் எவையும் கலந்து பயன்படுத்த முடியாத அளவுக்குப் பெரியவை அல்ல.

காட்டாமணக்கு வாங்கித் தந்த பாடம்

2002 டிசம்பர் 31 அன்று டெல்லிக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே ஒரு விரைவு ரயில் 5 சதவீதப் பயோடீசல் கலந்த டீசலில் ஓடியது. அடுத்த ஏப்ரலில் மத்திய அரசின் திட்டக் குழுவின் உயிரி எரிபொருள் அறிக்கை வந்தது. 2011-12-க்குள் நாட்டின் டீசலில் 20 சதவீதம் பயோடீசலாக இருக்க வேண்டும் என்றது. அதற்குத் தேர்ந்தெடுத்த செடி காட்டாமணக்கு. 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேரில் நட வேண்டும், முதற்கட்டமாக 4 லட்சம் ஹெக்டேரில் செய்து பார்க்கலாம் என்று திட்டம்.

காட்டாமணக்கு நமக்குப் புதிதில்லை. ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு நட்டார்கள். அதன் பாலில் குமிழி ஊதி விளையாடாத கிராமத்துப் பிள்ளை குறைவு. (ஏரி குளங்களை மூடிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு செடி. பெயர் ஒற்றுமையால் அதையே பயோடீசல் செடி என்று நினைத்தவர்கள் உண்டு.) மத்திய அமெரிக்கப் பகுதியில் பிறந்து போர்ச்சுக்கீசியர் வழியாக உலகம் சுற்றிய செடி. விதையில் 30 முதல் 35 சதவீதம் எண்ணெய். நஞ்சு இருப்பதால் சாப்பிட முடியாது. தெரியாமல் கொட்டையைத் தின்று பள்ளிப் பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போகும் செய்தியை இன்றும் படிக்கிறோம். தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது, சோற்றுக்குப் போட்டியில்லை. காகிதத்தில் இதைவிட நல்ல செடி கிடையாது.

அறிக்கையின் கணக்கு இப்படிப் போனது: ஹெக்டேருக்கு 2,500 செடி, செடிக்கு ஒன்றரைக் கிலோ விதை, ஆக 3,750 கிலோ விதை, அதிலிருந்து 1.2 டன் எண்ணெய். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அந்த ஒன்றரைக் கிலோ எங்கிருந்து வந்தது? காட்டாமணக்கை அதற்குமுன் நம் நாட்டில் பரவலாகப் பயிராகச் செய்ததில்லை. நெல்லுக்கும் கரும்புக்கும் பல தலைமுறையாக நடந்த விதைத் தேர்வு அதற்கு நடக்கவே இல்லை. வேலியிலிருந்து குச்சி ஒடித்து நட்டால் ஒரு செடி நன்றாகக் காய்க்கும், பக்கத்துச் செடி வெறும் இலையாக நிற்கும். தண்ணீரில்லாமல் உயிரோடு இருக்கும் என்பது உண்மை. உயிரோடு இருப்பது வேறு, காய்ப்பது வேறு என்பதை மானாவாரி விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீரும் உரமும் கிடைக்காத நிலத்தில் பல இடங்களில் ஹெக்டேருக்கு ஒரு டன் விதை வந்தாலே பெரிது என்ற நிலை ஆனது.

காய்த்த இடத்திலும் இன்னொரு சிக்கல். ஒரே குலையில் பச்சைக் காய், மஞ்சள் காய், கறுத்துக் காய்ந்த காய் மூன்றும் ஒன்றாக இருக்கும். ஒரே நாளில் அறுவடை செய்து முடிக்க முடியாது. பழுத்ததைப் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும், சில நாள் கழித்து மறுபடி வர வேண்டும். இத்தனை உழைப்புக்கும் திட்டத்தில் போட்ட விதை விலை கிலோ 5 ரூபாய். 2005 அக்டோபரில் மத்திய அரசு பயோடீசல் கொள்முதல் விலையாக லிட்டருக்கு 25 ரூபாய் அறிவித்தது. ஒரு லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோ விதை வேண்டும் என்னும்போது, ஆட்டும் கூலி, மெத்தனால், போக்குவரத்து எல்லாம் போக, விதைக்கு என்ன மிஞ்சும்? அதே காலத்தில் நூறு நாள் வேலைத் திட்டமும் வந்தது. ஒரு நாள் முழுக்க முள்ளிலும் வெயிலிலும் நின்று சில கிலோ விதை பறிப்பதைவிட அது மேல் என்று ஒருவர் முடிவு செய்தால், அவர் சரியாகத்தான் முடிவு செய்தார்.

‘தரிசு’ என்ற சொல்லும் ஏமாற்றியது. அரசு ஏட்டில் தரிசு, புறம்போக்கு என்று இருக்கும் நிலத்தில் ஊரில் யாரோ ஆடு மேய்ப்பார், யாரோ சீமைக் கருவேல் வெட்டி விறகாக்குவார். அவர்கள் பெயர் எந்தப் பட்டாவிலும் இருக்காது. ஆள் இல்லாத நிலம் என்று நினைத்துத்தான் கோடி ஹெக்டேர் கணக்கு எழுதப்பட்டது.

இந்த ஏமாற்றம் நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2007-இல் பிபி எண்ணெய் நிறுவனமும் டி1 ஆயில்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து, இந்தியா, ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியாவில் 10 லட்சம் ஹெக்டேர் காட்டாமணக்கு என்று கிளம்பின. 2009-இலேயே பிபி விலகிக்கொண்டது. இங்கே அதே ஆண்டு வந்த தேசியக் கொள்கை 20 சதவீத இலக்கை 2017-க்குத் தள்ளியது. 2018-இல் வந்த அடுத்த கொள்கை இலக்கையே 5 சதவீதமாகக் குறைத்து 2030 என்றது. இன்றுவரை 1 சதவீதத்தைக்கூட நாம் தொடவில்லை.

அந்த 5 சதவீதத்துக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாட்டின் டீசல் செலவு ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டன். 5 சதவீதம் என்றால் 45 லட்சம் டன். ஹெக்டேருக்கு 1 டன் விதை, அதிலிருந்து 300 கிலோ எண்ணெய் என்று வைத்தால் 1 கோடியே 50 லட்சம் ஹெக்டேர் வேண்டும். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1 கோடியே 30 லட்சம் ஹெக்டேர்தான். மலை, ஆறு, ஊர், வயல், கோயில் எல்லாவற்றையும் சேர்த்து.

யாருடைய சமையலுக்கு ஆகாது?

உணவு எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு, கடலையையும் எள்ளையும் இன்ஜினுக்குக் கொடுக்க முடியாது. அதனால் சமையலுக்கு ஆகாத எண்ணெய் என்ற எல்லை வகுத்தது நியாயமே. ஆனால் அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே ஏற்கெனவே யாருக்கோ வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆமணக்கெண்ணெய் மசகெண்ணெயாகவும் மருந்தாகவும் ஏற்றுமதியாகிறது. அதன் பயோடீசல் தர வரம்பைத் தாண்டிய கெட்டியாகவே இருக்கும் என்பது வேறு. வேப்பெண்ணெய் சோப்புக்கும் பூச்சி விரட்டிக்கும் போகிறது. 2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயமான பிறகு அதன் தேவை இன்னும் கூடிவிட்டது. இதை எரிப்பது சந்தனத்தை அடுப்பில் வைப்பதற்குச் சமம்.

இலுப்பை எனக்கு மிகவும் வருத்தம் தரும் மரம். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று பழமொழி சொல்லும் அளவுக்கு ஊரோடு ஒட்டியிருந்த மரம். கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்தது. புண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தோம். இன்று பல ஊர்களில் இலுப்பை என்பது ஊர்ப்பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இலுப்பை எண்ணெயைச் சமையலுக்கு ஆகாத எண்ணெய் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். மத்திய இந்தியாவின் பழங்குடி ஊர்களில் அதுதான் சமையல் எண்ணெய். எது உண்ணத்தக்கது என்று முடிவு செய்யும்போது யாருடைய அடுப்பைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்பதையும் கேட்க வேண்டும்.

எல்லாம் போக என் கண்ணில் நிற்பது புங்கம். உதிர்ந்த புங்கம்பூவைப் பொரிக்கு ஒப்பிட்டார்கள் சங்கப் புலவர்கள். அந்த அளவுக்கு இந்த மண்ணின் மரம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் வேர் முடிச்சுகளில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைக்கும். சாலையோரம், ஏரிக்கரை, பள்ளி மைதானம், பேருந்து நிறுத்தம் எங்கும் நிழலுக்காக ஏற்கெனவே நிற்கிறது. அதற்காக யாருடைய மேய்ச்சல் நிலத்தையும் எடுக்க வேண்டாம். காய் காய்ந்து கோடையில் தானாக உதிரும். மரம் ஏற வேண்டாம், பறிக்க வேண்டாம், கூட்டி அள்ளினால் போதும். விதையில் 30 சதவீதத்தை ஒட்டி எண்ணெய். குறை என்னவென்றால், நட்டு ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும், மரத்துக்கு மரம் காய்ப்பும் மாறும். பெரும்பாலான ஊர்களில் அந்தக் கொட்டையை இன்று குப்பையோடு சேர்த்துக் கொளுத்துகிறோம்.

கர்நாடகத்தில் இதை ஹொங்கே என்பார்கள். 1990-களின் இறுதியில் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் உடுப்பி சீனிவாசா, அங்கே சில கிராமங்களில் தண்ணீர் இறைக்கும் ஜெனரேட்டர்களை ஹொங்கே எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார். மெதுவாகச் சுற்றும் இன்ஜின்கள் என்பதால் அது முடிந்தது. ஒடிசாவின் கஜபதி மாவட்டத்தில் கிஞ்சிலிங்கி என்ற பழங்குடி ஊரில் 2004 முதல் இன்னும் எளிமையான ஏற்பாடு நடந்தது. சுற்றிக் கிடைக்கும் புங்கம், இலுப்பை போன்ற விதைகளை ஊரிலேயே ஆட்டி, சைக்கிள் போல மிதித்துக் கலக்கும் சிறு கலனில் பயோடீசல் செய்து, குடிநீர் பம்பை ஓட்டினார்கள். இரண்டு இடத்திலும் கொட்டை, செக்கு, இன்ஜின், புண்ணாக்கு எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. பாரிஸ் கண்காட்சியில் பார்த்த அதே கணக்கு, இந்த முறை பயன் விளைவித்தவருக்கே.

அப்படிச் சிறிதாகச் செய்யும்போது வரவுசெலவும் மாறுகிறது. எண்ணெய் பிழியும் கிராமத்து எக்ஸ்பெல்லரில் நான்கு கிலோ கொட்டைக்கு ஒரு லிட்டர் எண்ணெய், மூன்று கிலோ புண்ணாக்கு என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயை மட்டும் பார்த்தால் டீசல் விலையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். புண்ணாக்கு தனியாக ஒரு பொருள். அதில் 4 சதவீதத்தை ஒட்டி நைட்ரஜன் இருக்கிறது, வேரைத் தாக்கும் நூற்புழுவையும் கட்டுப்படுத்துகிறது, வாழைக்கும் நெல்லுக்கும் போடுகிறார்கள். கிளிசரினைச் சுத்தம் செய்தால் சோப்புக்கு ஆகும். பெரிய ஆலைக்கு லாரியில் கொட்டையை அனுப்பும்போது முதலில் ஊரைவிட்டுப் போவது இந்தப் புண்ணாக்குதான்.

நகரத்துக்கு வேறு ஊற்று இருக்கிறது. பலமுறை காய்ச்சிய பழைய சமையல் எண்ணெய். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அதற்கு ஒரு வரம்பு வைத்து, தாண்டியதைப் பயோடீசலுக்குத் திருப்பும் திட்டத்தையும் தொடங்கியது. உணவகங்களிலிருந்து வாங்கும் ஆட்களும் இப்போது வருகிறார்கள். உடம்புக்குக் கேடான எண்ணெய் மறுபடி தள்ளுவண்டி வாணலிக்குப் போகாமல் இன்ஜினுக்குப் போவது இரட்டை நன்மை.

பம்ப்செட்டோ டிராக்டரோ வைத்திருப்பவர்கள், தரம் பார்த்த பயோடீசல் கைக்குக் கிடைத்தால், 20 சதவீதத்துக்கு மேல் கலக்காமல் தொடங்கலாம். புது மாடல் வண்டி என்றால் முதலில் தயாரிப்பாளர் எவ்வளவு அனுமதிக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இன்ஜினில் இயற்கை ரப்பர் குழாய்கள் இருந்தால் நாளடைவில் ஊறி இளகும், மாற்றிவிடுவது நல்லது. அப்புறம், முதல் இரண்டு டேங்க் ஓடியதும் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல வருட டீசல் டேங்கின் அடியில் படியவிட்ட அழுக்கைப் பயோடீசல் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எரிபொருள் கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். புது ஃபில்டர் போட்டால் ஓடும்.